மண் பட்ட நெய்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அஞ்சாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரின் பிரம்பை ஒளித்து வைத்ததோடு என் படிப்பு முடிந்தது. அப்படிப்பட்டவன் மலை ஏறிய கதையை எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்று இரண்டு தரம் காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். ஆனால் ஊரில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எந்த விதமாகச் சொன்னாலும் கலயத்தைக் கீழே வைத்தவன் நான்தான். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் மறுபடியும் எடுத்திருக்கிறேன். பெயர் எதுவும் போடவில்லை. எல்லோரும் பாலக்கோட்டுச் சந்தையில் எனக்கு எதிரே வருகிறவர்கள். நாளைக்கும் வருவார்கள்.

எங்கள் ஊரில் எந்த வாசலில் நின்று மேற்கே பார்த்தாலும் அந்த மலை தெரியும். உச்சியில் கோவில் இல்லை, கோபுரம் இல்லை. ஒரு பெரிய பாறை, அந்தப் பாறையில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்காரும் அளவுக்கு ஒரு குழி. கார்த்திகை அன்று சுற்று ஊர்க்காரர்கள் நெய் கொண்டுபோய் அந்தக் குழியில் ஊற்றுவார்கள். பழைய வேட்டிகளைத் திரித்து, தொடை கனத்துக்குத் திரி போடுவார்கள். பொழுது சாய்ந்ததும் பூசாரி ஏற்றுவார். மேலே விளக்குத் தெரிந்த பிறகுதான் கீழே வூடுகளில் அகல் ஏற்றுவோம்.

ஊருக்கும் உச்சிக்கும் நடுவில் இருப்பது ரிசர்வ் காடு. வெள்ளைக்காரன் எல்லைக்கல் நட்டு வைத்திருக்கிறான். கல்லுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு புகுந்தாலும் சீட்டு வேண்டும். கார்த்திகைக்கு மட்டும் ஒரு நாள் சனங்களை உள்ளே விடுவார்கள். கத்தி, அரிவாள், தீப்பெட்டி எதுவும் கூடாது. சாமிக்குத் தீ கொண்டுபோக பூசாரிக்கு மட்டும் உத்தரவு உண்டு. அவர் மேலேயே குடியிருக்கிறவர். மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் சாமை விதைத்துப் பிழைக்கிறவர்.

நெய் கொண்டுபோவதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வூட்டில் தலையில் ஏற்றிய கலயம் பாறைக்குழிக்குப் போய்ச் சேரும் வரை மண்ணில் படக் கூடாது. கல்லில் வைத்தாலும் மண்தான், மரத்து வேரில் வைத்தாலும் மண்தான். சுமக்கிறவனுக்குக் கை ஓய்ந்தால், கால் கழுவப் போனால், தலை மாற்றிக் கொடுக்கக் கூடவே ஓர் ஆள் போவான். அவனைக் கைமாத்து என்போம். உச்சியில் பூசாரி அந்தக் கைமாத்தைப் பார்த்துத்தான் கேட்பார், "மண்ணு பட்டுதா" என்று. சுமந்தவன் வாய் திறக்கக் கூடாது. கைமாத்து "படலீங்க" என்றால் நெய் குழிக்குள் போகும். "பட்டுது" என்றால் பக்கத்துப் பாறையில் போட்டு உடைத்துவிடுவார்கள். அப்படி உடைத்ததை நான் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்ததில்லை. இத்தனை ஊர்க் கலயங்கள் இத்தனை வருஷமாக ஒன்றுகூட மண்ணில் படாமல் போயிருக்கும் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

அந்த வருஷம் எங்கள் வூட்டிலிருந்து கலயம் போனது என் அக்காவின் வேண்டுதலுக்காக. அக்காவைக் கட்டிக்கொடுத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. "கார்த்திகை வரைக்கும் பாக்கறோம், அப்பறம் எங்க பையனுக்கு வேற எடம் பாக்கறதுதான்" என்று மாமியார் வாய்விட்டே சொல்லிவிட்டாள். அக்கா மலைச்சாமிக்கு வேண்டிக்கொண்டாள். ஒரே பசுவின் பாலில் எடுத்த நெய், கூடப்பிறந்தவன் சுமக்க வேண்டும். நெய் ஏறினால் மாமியார் வூட்டில் பேச்சு அடங்கும், சாமி மேல் அவர்களுக்கும் பயம் உண்டு. புரட்டாசியிலேயே அக்கா எங்கள் வூட்டுக்கு வந்து, செவலைப் பசுவுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த மாதிரி இருந்தாள்.

என் தலையில் கலயம் ஏற்றப்போகிறார்கள் என்றதும் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இவன் தலயில ஏத்தறதுக்கு அந்தச் செவல தலயிலயே ஏத்திவுடு. அதாவது வழி பாத்துப் போவும்."

"கூடப்பொறந்தவன்னு வேண்டிகிட்டேன்பா. எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான்."

"அதுதான் கஷ்டம்" என்றார் அப்பா.

பதினைந்து நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை, பொய் சொல்லக் கூடாது. முதல் இரண்டும் எனக்குச் சுளுவாக இருந்தன. அக்கா வெண்ணெய் உருக்கும்போது நான் அடுப்பங்கரைப் பக்கம் போனால் அகப்பையை ஓங்குவாள்.

"நக்குனியா?"

"இல்லக்கா. மோந்துதான் பாத்தேன்."

"மோந்தாலும் எச்சில்தான். தள்ளிப்போ."

"நீ மட்டும் மூக்கக் கழட்டி வச்சுட்டா உருக்குற?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அதற்குப் பிறகு அந்த மாதிரி நான் பார்க்கவில்லை.

கைமாத்தாக யாரை அழைப்பது என்று என்னையே கேட்டார்கள். யோசிக்கவே இல்லை. பக்கத்து வூட்டுக்காரன், என் வயசுதான், எனக்கு மச்சான் முறை. அவர்களுக்கு முப்பது ஆடு. எல்லைக்கல் ஓரம்தான் மேய்ப்பான். என் விளையாட்டெல்லாம் முதலில் இவனிடம்தான் நடக்கும். பொண்ணு வூட்டுக்காரங்க வந்திருக்காங்கடா என்று சொல்லி ஒரு தடவை இவனை நடுப்பகலில் சோப்புப் போட்டுக் குளிக்க வைத்தேன். தலையை வாரிக்கொண்டு வூட்டுக்கு ஓடினான். அங்கே அவன் அம்மா ஒரு கடாவின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். எதற்கும் அவன் கோபித்துக்கொண்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குள் சிரிப்பான். திருப்பி ஒரு தடவைகூட எனக்குச் செய்ததில்லை.

அக்கா அவனிடம் தனியாகச் சொன்னாள். "இவன நம்பி ஒண்ணும் இல்ல தம்பி. நீ பாத்துக்க."

"பாத்துக்கறேங்க்கா."

விடிவதற்கு முன்னால் குளித்து, ஈர வேட்டியோடு கிளம்பினோம். அக்கா சும்மாடு வைத்துக் கலயத்தை என் தலையில் ஏற்றினாள். கலயத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டி முடிச்சைப் பின்பக்கமாகப் போட்டிருந்தாள். வாசல் தாண்டும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அக்கா தம்பி காலில் விழுவது எங்கேயும் கிடையாது. "என்னா சாமி, வரம் வேணுமா" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் இருபது பேர் போல. எல்லைக்கல்லில் வாட்சர் ஒருவர் உட்கார்ந்து இடுப்பைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார். ஒரு பெரியவரின் சுண்ணாம்புக் கத்தியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார். அது ஜெர்மன் சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது. தருமபுரிப் பஸ் கரியில்தான் ஓடிற்று, பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு. பாலக்கோட்டுச் சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்ஸுக்கு வேண்டிய கரியெல்லாம் இந்த மாதிரிக் காட்டில்தான் வெந்தது. உள்ளே போனதும் முதல் ஒரு மைலுக்கு இருபக்கமும் வெட்டின மரத்து அடிக்கட்டைகள், கரிமூட்டம் போட்ட கறுப்பு வட்டங்கள். ஆடு ஒரு கிளை கடித்தால் தண்டம் போடுகிறவர்கள் செய்த வேலை அது.

அதற்கு மேலே மூங்கில். மூங்கிலுக்கு நடுவில் ஓர் ஓடை, ஐப்பசி மழைத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடிற்று. கையிரண்டும் கலயத்தில் இருந்ததால் என்னால் எதையும் பிடிக்க முடியவில்லை. மச்சான் பின்னால் நின்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவிச் சொன்னான்.

"எடது. இன்னும் எடது. அது பாசி, வேண்டாம். இங்க வை."

அக்கரை ஏறியதும் என் நெற்றி வேர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டான். வாயில் ஒரு துண்டு வெல்லம் வைத்தான்.

"கட்டுன பொண்டாட்டிகூட இவ்வளவு பண்ண மாட்டாடா" என்றேன்.

"வாய மூடிகினு நட. கலயம் ஆடுது."

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்தக் கையை நம்பித்தான் நான் நடந்தேன். வேறு யார் கைமாத்தாக வந்திருந்தாலும் பின்னால் நடந்ததைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன்.

பாதி மலையில் வழி ஒரு பெரிய பாறையைச் சுற்றிப் போகும். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, முன்னால் ஏழெட்டுப் பேர் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை. சின்ன வயசில் ஒரு கரடியைக் கைத்தடியால் அடித்துக் கொன்றதாகக் கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் சொல்கிறவர். கரடி ஒவ்வொரு பந்திக்கும் ஒரு முழம் வளரும். அன்றைக்கும் காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த வீரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கை காலெல்லாம் அரித்தது. விரதத்தில் பொய் சொல்லக் கூடாதுதான். உறுமுவது பொய்யில் சேருமா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"மச்சான், புடி. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அந்தப் பதினைந்து நாளில் நான் சொன்ன முதல் பொய் அது.

"சீக்கிரம் வா. எனக்குக் கழுத்துப் புடிச்சிருக்குது" என்றான். கலயத்தைத் தலை மாற்றி வாங்கிக்கொண்டு வழியிலேயே நின்றான்.

நான் குறுக்கே ஏறி உன்னிப் புதருக்குள் குந்தினேன். பாட்டுக்காரர்கள் பாறையைச் சுற்றி வந்ததும், வயிற்றிலிருந்து எடுத்து ஒரு உறுமல் விட்டேன். பாட்டு நின்றது. இரண்டாவது உறுமலுக்குக் கைத்தடி கீழே விழுந்தது. மூன்றாவதற்குச் சித்தப்பா, அத்தனை பேருக்கும் முன்னால், வேட்டியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினார். நான் வாய்க்குள் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போது கீழே வழியிலிருந்து மச்சான் கூப்பிட்டான். "மச்சான்... மச்சான், சித்தெ வாடா."

என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவான் போலிருக்கிறதே என்று அவன் பக்கம் திரும்பி ஒரு உறுமல் விட்டேன். மறுபடியும் கூப்பிட்டான். குரல் நடுங்கிற்று. இவனும் பயந்துவிட்டான், இவன்கூட நம்பிவிட்டான் என்று எனக்கு இன்னும் குஷி. அவன் கூப்பிடக் கூப்பிட நான் உறுமிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுபோயிற்று.

சிரிப்பு அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் இறங்கி வந்தபோது அவன் விட்ட இடத்திலேயே, கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"கரடி வந்துச்சா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "போலாம்" என்றான்.

"குடு, நான் வாங்கிக்கறேன்."

"இருக்கட்டும். கொஞ்சம் நான் தூக்கறேன்."

கழுத்துப் பிடித்திருக்கிறது என்றவன் ரொம்ப தூரம் தூக்கினான். கடைசி ஏற்றத்துக்குக் கீழேதான் கொடுத்தான். தலையில் ஏற்றிக்கொள்ளும்போது முடிச்சு முன்பக்கம் இருந்தது. கலயம் தலையில் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளிற்று. கீழே எங்கள் ஊர் ஒரு கைப்பிடி கூரைகளாகத் தெரிந்தது. அக்கா எந்தப் புள்ளியில் நின்று பார்ப்பாள் என்று கண்ணால் தேடினேன். எங்களுக்கு முன்னால் ஆறு கலயங்கள். பூசாரி ஒவ்வொரு கைமாத்தையும் பாறையில் கை வைக்கச் சொல்லிக் கேட்டார். கேள்வி முடிவதற்குள் "படலீங்க" என்று பதில் வந்துகொண்டிருந்தது. நெய் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. மச்சான் பாறையில் கை வைத்தான்.

"மண்ணு பட்டுதா?"

அவன் என் தலையிலிருந்த கலயத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான்.

"உன்னத்தாம்பா. மண்ணு பட்டுதா?"

"பட்டுதுங்க" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இவனுக்கும் விளையாடத் தெரிந்துவிட்டது, சோப்புப் போட்டுக் குளிக்க வைத்ததற்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்கிறான் என்று நினைத்தேன். சுமந்தவன் வாய் திறக்கக் கூடாது என்பதையும் மறந்தேன்.

"இவன் வெளையாடறானுங்க" என்றேன் பூசாரியிடம். "டேய், போதும்டா. படலன்னு சொல்லு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பாறையில் வைத்த கையையே பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். "பட்டுதுங்க." கண்ணில் தண்ணீர் நின்றது.

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளையாடறது யாருன்னு மலைக்கே தெரியும்பா. காலம்பர கரடியா உறுமுனது நீதான? உங்க சித்தப்பா வந்து சொன்னாரு."

சித்தப்பாவுக்கு அதற்குள் கரடி யார் என்று புரிந்திருந்தது. "இவன் எங்கயாவது வச்சுட்டு ஆட்டம் போட்டிருப்பான்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் வைக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, அது எனக்கே விளையாட்டுப் பேச்சு மாதிரி கேட்டது. என் தலையிலிருந்து கலயத்தை எடுத்தார்கள். பக்கத்துப் பாறையில் போட்டு உடைத்தார்கள். இரண்டு மாதம் ஒரே பசுவின் பால். வாசனை காற்றில் அப்படியே அடித்தது. கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்தது.

பொழுது சாய்ந்து விளக்கு ஏறியபோது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மச்சானைத் தேடிப் போனேன். ஒரு மூலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா இப்பிடி பண்ண?"

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"என்ன அடிச்சிருக்கலாம்டா. என்ன ஓடையில தள்ளியிருக்கலாம். அக்கா நெய்யிலயா உன் ஆத்திரத்தக் காட்டணும்?"

அன்றைக்கு முழுக்க நான் நம்பியது அதைத்தான். என் விளையாட்டுக்கெல்லாம் சேர்த்துவைத்து, சாமி முன்னால் ஒரு பொய் சொல்லிப் பழி வாங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடி வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றாள். கையில் பொரி உருண்டைத் தட்டு.

"பாத்தேன்டா. ஏத்துனதும் முதல்ல மங்கலா இருந்துச்சு. அப்பறம் ஒரு தரம் குப்புனு எழும்புச்சு பாரு, அது நம்ம நெய்தான்."

"நம்ம நெய் ஏறலக்கா."

"போடா. இதுலயுமா உனக்கு வெளையாட்டு" என்று சிரித்துக்கொண்டே ஒரு உருண்டையை என் வாயில் திணித்தாள். என்னால் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாயில் பொரியோடு நின்றேன். அதற்குள் பின்னால் வந்த சித்தப்பா தெரு முனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "கீழ வச்சியா?" என்று கேட்டாள். சத்தமே போடவில்லை.

"வைக்கலக்கா. சாமி சத்தியமா."

"போன வருஷம் வெண்ணெயப் பூன தின்னுச்சுன்னும் சாமி சத்தியம்தான் பண்ணுன" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் மாமியார் வூட்டுக்குத் திரும்புவதற்குள் சேதி முந்திக்கொண்டு போயிருந்தது. "சாமியே வேணாம்னு நெய்யத் திருப்பிடுச்சு. நாங்க என்னா பண்றது" என்று மாமியார் சொல்லி அனுப்பினாள். தை பிறந்ததும் வேறு பெண் வந்தாள். அக்காவின் தகரப்பெட்டி கரி பஸ்ஸின் மேலே ஏறி எங்கள் ஊருக்கு வந்தது. நான்தான் இறக்கினேன். மேலெல்லாம் கரி. அக்கா இப்போது எங்கள் வூட்டில்தான் இருக்கிறாள். எனக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அடுப்பங்கரைக்குள் போனால் அகப்பையை ஓங்குவதில்லை. வெண்ணெய்ச் சட்டியை என் கண் முன்னால் வைத்துவிட்டே போகிறாள்.

பங்குனியில் ஒரு நாள் பாலக்கோட்டுச் சந்தைக்கு அவரைக்காய் கொண்டுபோயிருந்தேன். எங்கள் மலையின் பாரஸ்ட் கார்டு, கன்னடக்காரர், கூடைக்கு முன்னால் வந்து நின்றார். என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏனப்பா, நீ கார்த்திகைக்கு நெய் கொண்டுபோனவன்தானே?"

"ஆமாங்க."

"சென்னாகித்து, நல்லா இருந்துச்சு. அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்குது. சுத்தமான நெய்."

"நீங்க எப்பிடிங்க மோந்தீங்க?" என்றேன்.

அவர் ஓர் அவரைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மலைக்குச் சாராயம் போவுதுன்னு மேலாபீசுலருந்து சொல்லியிருந்தாங்க. நான் குறுக்கு வழியில வந்தேன். உன் கூட்டாளி, ஆட்டுக்காரப் பையன், கலயத்தோட ஒத்தையா நின்னான். நிக்கவச்சே துணியப் பிரிச்சு மோந்துட்டு வுட்டுடலாம்னுதான் போனேன். அதுக்குள்ள பக்கத்துப் பொதர்ல கரடி. என் கையில தடி மட்டும்தான் இருந்துச்சு. கெளகெ இடு, சீக்கிரம் கீழ வைன்னேன். வச்சான். பிரிச்சேன், மோந்தேன், வந்த வழியே ஓடிட்டேன்."

"அவன் வைக்க மாட்டேன்னு சொல்லலீங்களா?"

"எப்பிடிச் சொல்லுவான்? அவன் ஆட்டுச் சீட்டு என் கையிலதான இருக்குது" என்று சிரித்துவிட்டு, ஒரு கைப்பிடி அவரைக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு நடந்தேன். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மச்சான் சாமி முன்னால் பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், பாதி உண்மை. மண் பட்டது என்று சொன்னவன் யார் வைத்தது என்று சொல்லவில்லை. என்னை நடுவில் நிறுத்தி இருபது பேர் பேசும்போது பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா பெட்டி வந்து இறங்கும்போது அவன் தள்ளாடித் தள்ளாடி ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தான், அப்போதும் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

அக்காவிடம் நானே போய்ச் சொல்லலாம். நான் சொன்னால் நம்ப மாட்டாள். கார்டைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லச் சொல்லலாம். கார்டு வந்தால் கரடியும் கூடவே வரும். பாதி வழியில் அந்தக் கரடி எனக்குள் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தது. அதைத் தள்ளிவிட்டு வேகமாக நடந்தேன்.

அவன் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்டின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முள் எடுத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். ஆனாலும் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"கார்டைச் சந்தையில பாத்தேன்" என்றேன்.

ஆடு காலை உதறிற்று. அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நீதான் வச்சேன்னு ஏண்டா சொல்லல?"

முள்ளின் நுனி உடைந்துவிட்டது போல. குனிந்து பல்லால் பிடுங்கினான். முள்ளைத் துப்பிவிட்டு, ரத்தம் வந்த இடத்தில் மண்ணை அப்பினான்.

"வா. இப்பவே அக்காகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லு. திட்ட மாட்டா. உன்ன ஒண்ணும் கேக்க மாட்டா. நான் வைக்கலன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவன் ஆட்டை விட்டான். அது நொண்டிக்கொண்டே மற்ற ஆடுகளோடு போய்ச் சேர்ந்தது. அவன் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். என் குரல் ஏறிவிட்டது.

"நான் எங்கடா இருந்தேன்? கூப்புடற தூரத்துலதான இருந்தேன். கார்டு வந்து நிக்கறான்னு என்ன ஒரு வார்த்த கூப்புட்டிருந்தா ஓடி வந்து கலயத்தக் கையில வாங்கியிருப்பேன்ல?"

அவன் அப்போதுதான் திரும்பி என்னை நேராகப் பார்த்தான்.

"நாலு தரம் கூப்புட்டேன் மச்சான், நாலு தரமும் நீ உறுமுன."